காப்பு நகல்: பெட்டியின் விலையை அல்ல, மீட்கும் நாளைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் தேதி சிலாங்கூர் மாநிலத்தைத் தாக்கிய வெள்ளத்தை இந்நாட்டில் யாரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கின. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். வீட்டுப் பொருள்களின் இழப்பைப் பற்றி அப்போது நிறையவே பேசப்பட்டது. அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. அது கடைகளின் கணக்கு.

நம் நாட்டுச் சிறு வணிகங்களில் பெரும்பாலானவை கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் நடக்கின்றன. கல்லா அங்கேதான். கணினியும் அங்கேதான். அந்தக் கணினியின் தரவுக்குக் காப்பு நகல், அதாவது பேக்அப், எடுக்கப்படும் வெளி வன்தட்டு எங்கே? அதே மேசையில், அதே கணினியில் செருகியபடி. இடுப்பளவு நீர் ஏறினால் போதும், மூலமும் நகலும் ஒன்றாகவே மூழ்கும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. இங்கே அணை போட்டதாக நம்பிக்கொண்டு, அந்த அணையையே வெள்ளத்தின் பாதையில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சிறு வணிகர்களுக்குக் காப்பு நகல் வசதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் அந்த வட்டாரத்துக் கணினிச் சேவையாளர்கள்தான். கணினி பழுதுபார்ப்பவராகத் தொடங்கி, பத்துப் பதினைந்து கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொறுப்பாளராகிவிட்ட இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களை நம்பித்தான் வணிகர் தமது பேரேட்டையே ஒப்படைக்கிறார். இந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்பதை இரு தரப்பினரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஏன் இப்போது?

முன்பெல்லாம் கணினி கெட்டால் காகித ரசீதுகள் கைகொடுத்தன. அந்தக் காலம் மெல்ல மறைகிறது. உள்நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியல் முறையை 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அடுத்தடுத்த கட்டங்கள் நடப்புக்கு வந்தன. வாரியத்தின் தளத்தில் விலைப்பட்டியல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சரக்கிருப்பு, கடன் பாக்கி, சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் இவையெல்லாம் அங்கே இல்லை. அவை கடைக் கணினியில்தான் உள்ளன.

வருமான வரிச் சட்டமும் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. கணினி பழுதாகிவிட்டது என்பது வரி அதிகாரியிடம் செல்லக்கூடிய விடையன்று.

வன்தட்டு பழுதாகாதா? ஆகும். இலட்சக்கணக்கான வன்தட்டுகளைத் தன் மையங்களில் இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம், அவற்றின் பழுது விகிதத்தைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. 2024ஆம் ஆண்டில் அது 1.57 விழுக்காடு. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் குளிரூட்டப்பட்ட, தூசியற்ற, சீரான மின்சாரம் உள்ள மையத்தின் கணக்கு அது. மாவுத் தூசியும் மின்வெட்டும் உள்ள மளிகைக் கடைக்கு அந்தச் சலுகை இல்லை. அதோடு, பழுது என்பது பல ஆபத்துகளில் ஒன்றுதான். திருட்டு, தீ, வெள்ளம், தவறுதலாக அழித்தல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிணைப்பணம் கேட்கும் ரேன்சம்வேர் நிரல் என்று வரிசை நீள்கிறது.

முதலில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

காப்பு நகல் பற்றிப் பேச்செடுத்தால் வணிகர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" சேவையாளர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிகாபைட் இருக்கிறது?" இரண்டுமே தேவையான கேள்விகள்தாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியவை அல்ல. பொருளிலிருந்து தொடங்கினால், விற்பவரிடம் இருக்கும் பெட்டிதான் தீர்வாக முடியும்.

தொடக்கம் மீட்கும் நாளாக இருக்க வேண்டும். நாளை காலையில் கடையைத் திறக்கும்போது கணினி இல்லை என்று வைத்துக்கொண்டு, வணிகரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். எத்தனை மணி நேரம், அல்லது எத்தனை நாள், கணினி இல்லாமல் வியாபாரம் நடத்த முடியும்? எவ்வளவு வேலையை மறுபடியும் தட்டச்சு செய்து ஏற்ற முடியும்?

மளிகைக் கடைக்காரர், "ரெண்டு நாள் நோட்டுல எழுதிச் சமாளிச்சுக்குவேன், தம்பி. நேத்து பில் கட்டு கையில இருக்கு, ஏத்திக்கலாம்" என்பார். அவருக்கு நாளுக்கு ஒரு நகல் போதும். கணக்காளர் அலுவலகத்தில், வரிக் கணக்குச் சமர்ப்பிக்கும் வாரத்தில் அரை நாள் இழப்பே பெரிய இழப்பு. அங்கே மணிக்கொரு நகல் தேவைப்படலாம். மருந்தகத்தில் நிலைமை வேறு. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு காணாமற்போனால் அது பண விவகாரமன்று, உயிர் விவகாரம். ஆக, ஒரே தெருவில் உள்ள மூன்று வாடிக்கையாளர்களுக்கு மூன்று வேறு தேர்வுகள்.

இந்த விடைகளை எழுதி, வணிகரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

மேகத்திலிருந்து இறங்க எவ்வளவு நேரம்?

மேகச் சேமிப்பு எனப்படும் கிளவுட் வந்த பிறகு, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணம் பரவியுள்ளது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் அலுவலகத்தில் 500 ஜிகாபைட் தரவு இருக்கிறது. இணைய வேகம் ஏற்றத்துக்கு விநாடிக்கு 50 மெகாபிட், இறக்கத்துக்கு 100 மெகாபிட். முதல் முறை முழுவதையும் ஏற்றிவைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். அதன் பிறகு அன்றாடம் மாறியவை மட்டும் சென்றால் போதும்; 2 ஜிகாபைட் மாற்றத்துக்கு ஐந்தாறு நிமிடம்தான். சிக்கல் திரும்பி வரும்போதுதான். அந்த 500 ஜிகாபைட்டை இறக்க 11 மணி நேரம் ஆகும். இது இணையம் முழு வேகத்தில் தடையின்றி ஓடினால். அதே தரவை, விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படிக்கக்கூடிய வெளி வன்தட்டிலிருந்து மீட்க ஒன்றரை மணி நேரம் போதும்.

அரை நாளைக் கூட இழக்க முடியாது என்று சொன்ன அலுவலகத்துக்கு மேகம் மட்டும் விடையாகாது என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. மளிகைக் கடையின் கணக்கு மென்பொருள் தரவோ சில ஜிகாபைட்தான். அது நிமிடங்களில் இறங்கிவிடும். அவருக்கு மேகம் பொருத்தமாகலாம்.

நகல் போலத் தோன்றி நகலாகாதவை

சில வசதிகளைக் காப்பு நகல் என்று நம்பி ஏமாறுவது வழக்கமாகிவிட்டது.

முதலாவது, ரெய்ட் எனப்படும் இரட்டை வன்தட்டு முறை. ஒரு தட்டு பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். கடை மூடாமல் இருக்க இது உதவும். ஆனால் சிப்பந்தி ஒரு கோப்பை அழித்தால் இரண்டு தட்டிலும் அதே நொடியில் அழியும். பெட்டியைத் திருடன் தூக்கிச் சென்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது, ஒத்திசைவு. கூகல் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கணினியில் உள்ளதை இணையத்தில் அப்படியே பிரதிபலிக்கின்றன. நல்லது நடந்தாலும் பிரதிபலிக்கும், கெட்டது நடந்தாலும் பிரதிபலிக்கும். அழித்த கோப்பு கூகல் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அலுவலகப் பயன்பாட்டுக்கான ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். ஆண்டிறுதிக் கணக்காய்வின்போது, பிப்ரவரியில் அழிந்த கோப்பைத் தேடுபவருக்கு அந்தத் தொட்டி காலியாகவே இருக்கும்.

மூன்றாவது, ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பெட்டிகள். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் மேகக் கணக்கினுள் ஊடுருவியவர்கள் பணம் கேட்டு மிரட்டினர். நிறுவனம் கணக்கைத் திரும்பப் பிடிக்க முயன்றபோது தரவை அழிக்கத் தொடங்கினர். காப்பு நகல்களில் பெரும்பகுதியும் அதே கணக்கின் கட்டுப்பாட்டில் எட்டும் இடத்தில்தான் இருந்தது. 12 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த நிறுவனமே மூடப்பட்டது.

நான்காவது, ஒரே கூரையின் கீழ் உள்ள இரண்டு பெட்டிகள். 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையானது. காப்பு நகலுக்கென்று தனிக் கட்டணம் கட்டிய ஒரு வாடிக்கையாளரின் நகலும் அதே கட்டடத்தில் இருந்ததால் எரிந்துபோனது. வழக்கு லீல் வணிக நீதிமன்றத்துக்குப் போய், 2023ஆம் ஆண்டு நட்ட ஈடு வழங்கும்படி தீர்ப்பானது. நட்ட ஈடு கிடைத்தது, தரவு கிடைக்கவில்லை.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வேறிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகல் மேகச் சேமிப்பு, அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் அழிந்துபோனது. இரண்டு வட்டாரங்களில் வைத்திருந்த இரட்டைப் பிரதிகளும் சேர்ந்தே அழிந்தன. ஆனால் வேறொரு சேவையாளரிடமும் காப்பு நகல் வைத்திருந்ததால், அந்த நிதியம் மீண்டு வந்தது.

மூன்று, இரண்டு, ஒன்று

இந்தத் துறையில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் ஒரு விதி உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்தியது. தரவு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு வகைச் சேமிப்புகளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். இன்றைய நிலைமைக்கு அதனுடன் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது அவசியம். ஒரு பிரதியாவது கடைக் கணினியிலிருந்து கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கணினிக்குள் புகுந்த நச்சு நிரலுக்கு அந்தக் கணினி எட்டும் இடமெல்லாம் எட்டும்.

2017 மே மாதம் வான்னாகிரை நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, செருகியே கிடந்த வெளி வன்தட்டுகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. கழற்றி அலமாரியில் வைக்கப்பட்ட வன்தட்டை எந்த நிரலாலும் தொட முடியாது.

மூன்று வழிகளின் பலமும் பலவீனமும்

வெளி வன்தட்டு: சில நூறு வெள்ளியில் கிடைப்பது. மீட்பு வேகமானது. ஆனால் மனிதர் நினைவை நம்பியிருப்பது. ஒன்றன்று, இரண்டு வாங்க வேண்டும். ஒன்று கடையில், மற்றது முதலாளியின் வீட்டில். வாரந்தோறும் குறித்த நாளில் மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. வீட்டுக்குப் போகும் தட்டு வழியில் தொலையலாம். ஆகவே அது மறையாக்கம் செய்யப்பட்டுக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வைத்திருக்க எஸ்எஸ்டி வகையைத் தேர்ந்தெடுக்காமல், சுழலும் வன்தட்டையே தேர்ந்தெடுப்பது நல்லது.

நாஸ் பெட்டி: அலுவலகக் கணினிகள் அனைத்துக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி. யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை, தானே நகல் எடுக்கும். ஐந்தாறு கணினிகள் உள்ள இடத்துக்கு ஏற்றது. ஆனால் வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்று அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது பெரும் ஆபத்து. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நிரல்கள், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டின. பெட்டி அலுவலகத்துக்குள் மட்டும் தெரிய வேண்டும். அதன் நிர்வாகக் கடவுச்சொல் அன்றாடக் கணினிகளில் பதிந்திருக்கக்கூடாது.

மேகச் சேமிப்பு: வேறிடம் என்ற நிபந்தனையைத் தானாகவே நிறைவேற்றுவது. வெள்ளமும் திருட்டும் எட்டாது. அமேசான், வாசாபி, பேக்பிளேஸ் போன்றவற்றில், குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி நகலைப் பூட்டும் வசதி உண்டு. கடவுச்சொல் களவு போனாலும் நகல் நிலைக்கும். இந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. மாதக் கட்டணம் தொடரும் என்பதையும், சில சேவைகளில் தரவை இறக்குவதற்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தரவு எந்த நாட்டில் இருக்கும் என்று கேட்பதும் முறை. 2024 ஆகஸ்டில் அமேசான் மலேசியாவிலேயே தன் மேக வட்டாரத்தைத் திறந்தது. ஆகவே உள்நாட்டில் வைப்பதும் இன்று நடக்கக்கூடியதே.

எந்த வழியானாலும் ஒன்று பொது. எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள்கள் திறந்திருக்கும் வேளையில், அவற்றின் தரவுக் கோப்பை வெறுமனே பிரதி எடுத்தால் அது பாதியில் அறுந்த நகலாகலாம். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் காப்பு வசதியால் நகல் எடுத்து, அந்த நகலைத்தான் வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

தாத்தா, தந்தை, மகன்

நேற்றைய நகலை இன்று அழித்து எழுதினால், கையில் இருப்பது ஒரே ஒரு நாள்தான். பிணைப்பண நிரல்கள் உள்ளே புகுந்ததும் உடனே வேலை காட்டுவதில்லை. சில சமயம் வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். சிப்பந்தி செய்த தவறும் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். அதனால் பழைய நகல்கள் வேண்டும்.

இதற்குத் தாத்தா, தந்தை, மகன் என்றே ஒரு முறை உலகெங்கும் வழங்குகிறது. அன்றாட நகல் 7, வார நகல் 4, மாத நகல் 12. இவற்றுடன் கணக்காண்டு முடிவில் எடுக்கும் ஆண்டு நகல் 7 என்று சேர்த்தால் வரிச் சட்டத்தின் 7 ஆண்டுக் கட்டாயத்துக்கும் வழி பிறக்கும். மொத்தம் 30 நகல். மிரள வேண்டியதில்லை. இன்றைய காப்பு மென்பொருள்கள் மாறிய பகுதிகளை மட்டுமே சேர்ப்பதால், 30 மடங்கு இடம் தேவைப்படாது.

சாவி யாரிடம்?

இந்த உரையின் மையம் இதுதான். சேவையாளர்கள் பலர் நல்லெண்ணத்தோடு ஒன்று செய்கிறார்கள். வாடிக்கையாளருக்குக் கணினி தெரியாது என்பதால், மேகக் கணக்கைத் தம் பெயரிலேயே, தம் மின்னஞ்சலிலேயே திறக்கிறார்கள். மறையாக்கக் கடவுச்சொல்லும் அவர்கள் நினைவில்தான் இருக்கும். பத்து வாடிக்கையாளர்களின் நகலும் ஒரே கணக்கில். வேலை எளிதாகிறது.

அந்தச் சேவையாளர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால்? நோய்வாய்ப்பட்டால்? இரு தரப்புக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டால்? நகல் பத்திரமாக இருக்கும். கடைக்காரரால் அதைத் தொட முடியாது. மறையாக்கம் செய்த நகலின் கடவுச்சொல் தொலைந்தால், அதைத் தயாரித்த நிறுவனத்தாலும் திறக்க இயலாது. சேவையாளரின் கணக்கினுள் ஒருவன் புகுந்துவிட்டால், பத்துக் கடைகளும் ஒரே இரவில் வெறுங்கையாகும்.

ஆகவே கணக்கு வணிகரின் பெயரில் இருக்க வேண்டும். கட்டணம் அவருடைய அட்டையிலிருந்து போக வேண்டும். சேவையாளருக்கு இயக்கும் உரிமை போதும், உடைமை வேண்டாம். கடவுச்சொல்லும், விண்டோசின் பிட்லாக்கர் பூட்டுக்கான 48 இலக்க மீட்பு எண்ணும் காகிதத்தில் அச்சிடப்பட்டு, மூடிய உறையில், முதலாளியின் வீட்டுப் பெட்டகத்தில் நிலப்பட்டாவுடன் சேர்ந்து இருக்க வேண்டும்.

இது நன்னெறி மட்டுமன்று, சட்டமும்கூட. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பிறருக்காகத் தரவைக் கையாள்பவர்களும் பாதுகாப்புக் கடமைக்கு நேரடியாகப் பொறுப்பாகிறார்கள். இது 2025 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்தது. வாடிக்கையாளரின் நகலைத் தம் கையில் வைத்திருக்கும் சேவையாளரும் இதில் அடங்குவார். கடமை தவறினால் பத்து இலட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய கடப்பாடு வணிகருக்கும் உண்டு. இதை அறியாமல் நூறு நோயாளிகளின் விவரத்தைப் பூட்டில்லாத வன்தட்டில் போட்டுக் காரில் வைத்திருப்பவர், தம் தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டிருக்கிறார்.

மீட்டுப் பார்க்காத நகல்

2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகலெடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தபோது ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக இயங்கவில்லை என்பது தெரிந்தது. ஒரு நகல் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேராமல் திருப்பப்பட்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கு இந்த நிலை என்றால், ஜவுளிக் கடைக்கு? பச்சை விளக்கு எரிகிறது என்பதால் நகல் இருக்கிறது என்று பொருளன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் நகலைத் திறந்து, போன மாதத்து விலைப்பட்டியல் ஒன்றை எடுத்துக் காட்ட வேண்டும். வணிகர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அவர் சொன்ன நேரத்துக்குள் அது அடங்குகிறதா என்று ஒப்பிட வேண்டும். அடங்கவில்லையென்றால் தேர்வு தவறு. பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் தவறுதான்.

மூன்று வாடிக்கையாளர்கள், மூன்று தீர்வுகள்

மளிகைக் கடை, ஒரு கணினி, சில ஜிகாபைட் தரவு. ஒவ்வொரு நாளும் கடை மூடுமுன் மென்பொருளிலிருந்து ஒரு நகல். அது தானாக மேகத்துக்குப் போகும். அதோடு வாரந்தோறும் மாற்றும் இரண்டு வெளி வன்தட்டுகள். இதற்கு மேல் விற்க வேண்டாம்.

கணக்காளர் அலுவலகம், ஐந்து கணினி, 500 ஜிகாபைட். மணிக்கொரு நகல் எடுக்கும் நாஸ் பெட்டி. மீட்பு உள்ளிருந்தே நடக்கும். அதிலிருந்து இரவுதோறும், அழிக்க முடியாதபடி பூட்டிய மேக நகல். பெட்டி தரையில் அல்ல, மாடியில்.

மருந்தகம், எக்ஸ்ரே படங்களுடன் 1.5 டெராபைட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் முழுவதையும் இறக்க 33 மணி நேரம் ஆகும். அதனால் தரவு இரண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். நோயாளிக் குறிப்பும் மருந்துப் பட்டியலும் அளவில் சிறியவை. அவை முதலில் மீட்கப்படும்படி தனி நகலாக இருக்கட்டும். பழைய படங்கள் பிறகு வரலாம். உள்ளே நாஸ், வெளியே மேகம், எல்லாம் மறையாக்கத்துடன்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. சேவையாளர் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும், அதன் பெயரைக் கேட்குமுன் நான்கு கேட்டுவிடுங்கள். என் கடை எரிந்தால் நகல் எங்கே இருக்கும்? எத்தனை மணி நேரத்தில் நான் மறுபடி பில் போடலாம்? நீங்கள் ஊரில் இல்லையென்றால் யார் திறப்பார்? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? தயங்காமல் விடை சொல்பவர் வாங்கும் ஊதியத்துக்குத் தகுதியானவர்.

சேவையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நான்கு விடைகளையும் ஒரே பக்கத்தில் எளிய மொழியில் எழுதி, கையொப்பமிட்டு, வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். வேறொரு சேவையாளர் வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துக் கடையை மீட்கும்படி அது இருக்கட்டும். அப்படிக் கொடுத்தால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவாரோ என்ற அச்சம் வரலாம். சாவியைப் பிடித்துவைத்துக்கொண்டு தக்கவைக்கும் வாடிக்கையாளரைவிட, சாவியைக் கையில் கொடுத்த பிறகும் தேடி வரும் வாடிக்கையாளரே தொழிலுக்கு நிலையான முதல்.